கூரையும் வெம்மையும்

வேனிலின் கொடுமை முதலிற் படுவது கூரையின்மேலாம். ஆதலின் வீட்டின் தண்மையை ஆராயப் புகுவோர் சுவரினும் கூரையையே முன்னர் நோக்குதல் வேண்டும்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருவகைப் பழைய வீடுகளைக் காண்கின்றோம். கடியாபட்டி, இராயவரம் முதலிய ஊர்களிலுள்ள செட்டிநாட்டு மாளிகைகள் ஒருவகை. தடித்த சுவரும், உயர்ந்த கூரையும், காற்றுலவும் முற்றமும் அவற்றுக்குத் தண்மை தருவன. மற்றொன்று ஏழையின் கீற்றுக் குடிசை. அங்கே செல்வம் இல்லை; எனினும் கீற்றின் இடுக்குகளில் அடைபட்ட காற்று உண்டு. அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது.

2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜாப் புயல் இம்மாவட்டத்துக் குடிசைகள் பலவற்றை அழித்தது. 2024இல் தமிழக அரசு அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' என்னும் திட்டம், 2030க்குள் ஊரகங்களில் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுதலை நோக்கமாகக் கொண்டது. புயலுக்கும் தீக்கும் அஞ்சாத வீடு வேண்டற்பாலதே. ஆயின், கான்கிரீட் தளம் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்கின்றது. உழைத்துக் களைத்தோர் உறங்கும் வேளையில் மின்விசிறியும் அவ்வெப்பக் காற்றையே சுழற்றுகின்றது.

இதற்கு மருந்து யாது? கீற்றின் தத்துவத்தையே புதிய உருவிற் கொள்ளுதலாம். தெர்மாகோல் போன்ற நுரைப் பலகை எண்ணிறந்த நுண்ணறைகளிற் காற்றை அடைத்து வைத்துள்ளது. அது வெப்பத்தைக் கடத்தும் திறன் கான்கிரீட்டினதில் ஏறத்தாழ 45இல் ஒரு பங்கே. எனவே 1 அங்குலப் பலகை, 1 மீட்டர் தடிப்புள்ள கான்கிரீட்டைப்போல வெப்பத்தைத் தடுக்கும். இந்திய அரசு 2018இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பு, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாட்டிற்குக் கூரைவழிப் புகும் வெப்பம் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மிகலாகாது என்கின்றது. வெறுந்தளம் அதனினும் ஏறக்குறைய மும்மடங்கு வெப்பத்தை உட்புகவிடும். ஓரங்குலப் பலகை பதித்த தளமோ அவ்வெல்லைக்குள் அடங்கும். குளிர்சாதனம் உள்ள வீட்டில் இதனால் மின்செலவும் குறையும்.

பலகையைத் தளத்தின் மேற்புறத்தே பதித்தல் நன்று; அப்பொழுது தளமே சூடேறாது. நீர் கசியாவண்ணம் காப்புப் பூச்சிட்டு, மேலே காரையும் தட்டோடும் கொண்டு மூடுதல் வேண்டும். நுரை தீப்பற்றும் இயல்பினதாகலின் திறந்து விடுதல் தகாது. பொருள் போதாதார் மண்கலயங்களைக் கவிழ்த்தடுக்கி அவற்றின்மேற் காரையிடலாம். அதற்கும் இயலாதார் தளத்திற்கு வெண்மைப் பூச்சேனும் இடலாம்.

நம் ஊர்களில் புதுவீடு கட்டுவோர்க்குத் தட்டோடு பதிக்குமுன்னரே இதனை எடுத்துரைத்தல் கற்றோராகிய நம் கடன். குடிசை நீங்கியோர்க்கு உறுதியான கூரை கிடைத்தது. இழந்த தண்மையும் அவர்க்கு மீளக் கிடைத்தல் வேண்டுமன்றோ?