மோட்டார் இழுக்கும் கரண்ட்: கொஞ்சம் கவனியுங்கள்

கருவடிக்குப்பத்து மாவு மில்லோ, பக்கத்தில் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையோ, கரண்ட் பில்லில் பெரும்பங்கு மோட்டாருக்குத்தான். 5 எச்.பி. மோட்டார் முழு லோடில் மணிக்கு 4 யூனிட்டுக்கு மேல் இழுக்கும்.

முதலில் கம்ப்ரஸரைப் பாருங்கள். காற்று ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது; பட்டறைச் சத்தத்தில் காதிலும் விழாது. வேலை முடிந்தபின் அதை மட்டும் ஓடவிட்டு, ஹோஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி எழும் இடத்தில் கிளாம்ப்பை இறுக்குங்கள். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே சுமார் 3 கிலோவாட்டை விழுங்கும். 6 பார் போதும் என்றால் 7-இல் வைக்காதீர்கள்; 6, 7 சதவீதம் மிச்சமாகும்.

மில்லில் பல பெல்ட் ஓடும் புல்லியில் ஒன்று தேய்ந்தால் மொத்த செட்டையும் மாற்றுங்கள். அடுத்த அரைப்பு வர நேரமாகும் என்றால் மோட்டாரை நிறுத்துங்கள். அதற்காக நிமிடத்துக்கொரு தரம் ஸ்விட்சைத் தட்டினால் காயில் தாங்காது.

ஃபேன், ப்ளோயர், சென்ட்ரிஃபியூகல் பம்ப் இருந்தால், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி லாபம்: வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரச் செலவு ஏறக்குறைய பாதி. மாவு மில்லுக்கு இந்தக் கணக்கு செல்லாது, விற்க வருபவர் என்ன சொன்னாலும்!

காயில் எரிந்தால், பழைய கம்பியை நெருப்பில் காட்டி உருவ விடாதீர்கள், கோர் கெட்டு அதிகம் இழுக்கும். பலமுறை கட்டிய மோட்டாருக்குப் பதில், குறைவாகக் கரண்ட் இழுக்கும் ஐ.இ.3 ரகம் வாங்குவதே மேல். கடற்காற்றில் டெர்மினல்கள் பச்சை பூக்கும். மெயினை அணைத்துவிட்டு அவ்வப்போது சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.