முத்துக்கு இலத்தீன் வைத்த பெயர்

சிலாவத்துறையிலும் அரிப்பிலும் சலாபம் கண்ட கரையினராகிய நமக்கு 'மார்கரீத்த' என்னும் இலத்தீன் சொல் முற்றும் அயலதன்று. முத்து என்பதே அதன் பொருள். கிரேக்கத்தில் ஆண்பாலாயிருந்த அச்சொல் உரோமர் நாவிற் பெண்பாலாயிற்று. கி.பி. 79 இல் மறைந்த பிளினி, தமது இயற்கை வரலாற்றின் ஒன்பதாம் நூலில், முத்து மிக விளையும் இடங்களுள் தப்ரபேன் என்னும் நம் தீவை எடுத்துரைக்கின்றார்.

இதனை வேற்றுமைப்படுத்தும் தமிழ் மாணாக்கன் இரண்டிடத்தில் இடறுவான். 'மார்கரீத்தம்' என்று கேட்டவுடன் மரம், குளம் போல எழுவாயென எண்ணுவான். அதுவோ இரண்டாம் வேற்றுமை, 'முத்தை' என்பது பொருள். 'மார்கரீத்தை' என்றவிடத்து ஐகாரத்தைக் கண்டு செயப்படுபொருள் என்பான். அதுவோ 'முத்தினது' என ஆறாவதாகவும், 'முத்துக்கு' என நான்காவதாகவும், 'முத்துக்கள்' எனப் பன்மை எழுவாயாகவும் நிற்கும். வினையையும் இடத்தையும் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும். எழுவாயின் ஈற்றகரம் நெடிலாகி 'மார்கரீத்தா' என நின்றால் நீக்கப்பொருள் தரும். குறில் நெடில் வேறுபாட்டிற் பழகிய நமக்கு இது ஒன்றேனும் எளிது.

தமிழில் முத்து பால்பகா அஃறிணைப் பெயராகலின், 'முத்து கிடைத்தது', 'முத்து கிடைத்தன' என இரண்டும் அமையும். இலத்தீனிலோ ஒன்றா பலவா என்பதைப் பெயரே சொல்லியாக வேண்டும்.

ஒருமை பற்றி எழுந்த வேறொரு பெயரும் உண்டு. சிறந்த பெருமுத்தை உரோமர் 'ஊனியோ' என்றனர். 'ஊனுஸ்' என்றால் ஒன்று. முற்றும் ஒத்த இரு முத்துக்கள் கிடையாமையே காரணம் என்பது பிளினியின் விளக்கம். ஊனியோ, ஊனியோனிஸ், ஊனியோனெம் என நடக்கும் இச்சொல் ஆண்பால். உரோம நாட்டுழவர் ஒருவகை வெங்காயத்துக்கும் இதே பெயரிட்டனர். ஆங்கில 'ஒனியன்' அதன் வழிவந்ததே!

1902 இல் நம் முத்துப் பார்களை ஆராய வந்த ஹெர்ட்மன், 1903 முதல் 1906 வரை வெளியான தம் அறிக்கையில் மன்னார்ச் சிப்பியை 'மார்கரீத்திஃபெர வல்காரிஸ்' என்றார். விலங்கியல் மாணவர் இத்தகைய பெயர்களை மந்திரம்போல் உருப்போட்டுப் பரீட்சை முடிந்ததும் மறப்பது பெருங் குறை. பிரித்தால் மறவாது. 'ஃபெரோ' என்றால் சுமக்கின்றேன். ஆகவே முதற்சொல் 'முத்துச் சுமப்பவள்'. 'வல்காரிஸ்' என்றால் பொதுவானது; ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் அதுவே வடிவம், ஒன்றன்பாலுக்கு மட்டும் 'வல்காரெ'. இணையற்ற ஊனியோவை ஈன்றவளுக்குப் பொதுவானவள் என்று பெயர்!

இப்பொழுது மன்னார்ச் சிப்பியைப் 'பிங்டாடா' என்னும் பேரினத்தில் வைத்துள்ளனர். 'மார்கரீத்திஃபெர' என்பதோ அப்பேரினத்திலேயே கரிய உதடுடைய மற்றொரு சிப்பிக்குச் சிறப்புப் பெயராய் வழங்குகின்றது.