இந்தக் கோழி என்ன இனம்?

ஹெப்பாளில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டி, புறக்கடையில் 9 கோழிகள் வளர்க்கிறார். சென்ற ஆண்டு ஒரு நாள் என்னை அழைத்து, "ஏன் தம்பி, கோழிப் படிப்பெல்லாம் படிக்கிறாயே, இந்த வெள்ளைப் பெட்டை என்ன சாதி? அடைக்கு உட்காருமா?" என்று கேட்டார். பார்த்தேன். வெள்ளைச் சிறகில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும்புள்ளி; ஒற்றைக் கொண்டை; மஞ்சள் கால். "லெகார்ன் கலப்பு, பாட்டி. இது அடைகாக்காது" என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். பாட்டி அதை அடுத்த தெருவில் விற்றுவிட்டார். இரண்டு மாதம் கழித்துச் செய்தி வந்தது. அந்தப் பெட்டை 12 முட்டைகளின்மேல் உட்கார்ந்து 11 குஞ்சு பொரித்துவிட்டதாம்! பாட்டி என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் உறுத்திற்று.

எங்கே தவறினேன் என்று ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை. ஊரில் கோழி வளர்க்கும் வீட்டிலிருந்து வந்த நண்பர்களுக்கு இது உதவலாம்.

முதலில், இனம் என்பது யாது? சேவலும் பெட்டையும் ஒரே வகையாயிருந்து, அவற்றின் வழித்தோன்றல்களும் தலைமுறை தோறும் அவ்வகையாகவே பிறந்தால்தான் அஃது இனம். அசீல், கடக்நாத், தலச்சேரி, ஆந்திர கர்நாடகப் பகுதிகளுக்குரிய காகஸ் முதலியவற்றை, கர்னாலிலுள்ள தேசிய நிறுவனம் இவ்வாறு இனங்களாகப் பதிவு செய்துள்ளது. நாம் சிறுவிடை, பெருவிடை, கழுத்தறுத்தான் என்பனவெல்லாம் உருவத்தைக் கண்டு மக்கள் இட்ட பெயர்கள். தெருவில் மேய்ந்து, எந்தச் சேவலோடும் கூடி வளர்ந்த பெட்டைக்கு இனமே இல்லை. அதற்கு இருப்பவை தனித்தனிப் பண்புகள் மட்டுமே.

நிற்க. அப்பண்புகளைப் படிப்பதில் சுவை மிகுந்தது கொண்டைதான். மெண்டலின் விதி செடிகளுக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று பேட்சன் 1902-இல் காட்டியதே கோழிக்கொண்டையைக் கொண்டுதான். தூய ரோஜாக் கொண்டையையும் தூய பட்டாணிக் கொண்டையையும் இணைத்தால், குஞ்சுகளுக்கு இரண்டுமல்லாத வால்நட் கொண்டை வருகிறது! அந்தக் குஞ்சுகளைத் தம்முள் இணைத்தால், அடுத்த தலைமுறையில் வால்நட் 9, ரோஜா 3, பட்டாணி 3, ஒற்றை 1 என்ற விகிதம். அந்த ஒற்றைக் கொண்டையைக் கவனியுங்கள். அதன் பெற்றோருக்கும் அது இல்லை, பாட்டன் பாட்டிக்கும் இல்லை. அசீலுக்குப் பட்டாணிக் கொண்டை உண்டு. அதற்காக, ஒற்றைக் கொண்டையுள்ள கோழியில் அசீல் இரத்தமே இல்லை என்று சொல்ல முடியுமா?

மஞ்சள் காலின் கதை இன்னும் வேடிக்கையானது. நம் வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு அதனிடமிருந்து வரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைகளில் திரியும் நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். இத்தாலிக் கோழி என்று நாம் போற்றும் லெகார்னின் மஞ்சள் காலுக்கே மூலம் இங்கேதான்! அந்தக் காலைக் கண்டு நான் சீமைக் கோழி என்றேன்.

நிறமும் ஏமாற்றும். லெகார்னின் வெண்மை பிற நிறங்களை அடக்குவது. ஒரு பங்கு இருந்தாலும் வெள்ளையும் சில புள்ளிகளுமாக வரும். ஆகவே என் வெள்ளைப் பெட்டைக்கு லெகார்ன் பாட்டன் இருந்திருக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் வெண்மைக்குரிய மரபணு ஒன்று. அடைகாக்கும் குணத்துக்குரியவை வேறு பல. சிறகில் பாட்டனைக் கொண்ட கோழி, குணத்தில் பாட்டியைக் கொள்ளத் தடையில்லை. கோழியைக் கூட்டில் நாலு நாள் கவனித்திருந்தால் போதும்: கொக்கரிப்பு மாறி உறுமுகிறதா, வயிற்றுச் சிறகு உதிர்கிறதா, கையை நீட்டினால் கொத்துகிறதா என்று. படித்த எனக்கு அது தோன்றவில்லை.

பெங்களூரில் இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே ஹெப்பாளில் உருவாக்கி 1989-இல் வெளியிட்ட கிரிராஜா, புறக்கடைக்கென்றே பல வண்ணச் சிறகுடன் ஆக்கிய கோழி. பார்வைக்கு நாட்டுக்கோழி போலவே இருக்கும். அதன் முட்டையை அடைவைத்து, அடுத்த தலைமுறையும் தாயைப்போல் எடையும் முட்டையும் தரும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்; கலப்பின் வீரியம் அப்படியே இறங்கி வராது. நிறத்தைப் பார்த்து வாங்காமல், குஞ்சு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவதே நன்று.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியது எது? சிலவற்றில் தகப்பனைச் சொல்லலாம். கழுத்து மொட்டையாயிருக்கும் பண்பு ஒரு பங்கிலேயே வெளிப்படும். ஒரு பங்கென்றால் முன்கழுத்தில் ஒரு சிறகுக் குஞ்சம் நிற்கும், இரு பங்கென்றால் கழுத்து முழுதும் மொட்டை.

அடுத்த தெருக்காரர் நல்லவர். வெள்ளைப் பெட்டையின் குஞ்சுகளில் இரண்டைப் பாட்டிக்குக் கொடுத்தார். முட்டைகளும் அதே பெட்டை இட்டவைதாம். ஒரு குஞ்சின் கழுத்து மொட்டை, முன்புறம் மட்டும் ஒரு குஞ்சம். "இது என்ன சாதி தம்பி?" என்றார் பாட்டி, சிரிக்காமல்.

"சாதி தெரியாது பாட்டி. ஆனால் தாய்க்குக் கழுத்து நிறையச் சிறகு. ஆகவே அப்பன் அந்தத் தெருமுனைக் கழுத்தறுத்தான் சேவலாகத்தான் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வேறு மொட்டைக் கழுத்துச் சேவல் இல்லையே."

"அடைக்கு உட்காருமா?"

"வளரட்டும் பாட்டி, பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.