ஐஎஸ்ஓ சிடி பூட் ஆகாதது ஏன்?

கேள்வி: பழைய கணினிக்காக பப்பி லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி சிடியில் ரைட் செய்தேன். சிடியைப் போட்டு ஆன் செய்தாலும் விண்டோஸே வருகிறது. சிடி கெட்டுவிட்டதா?

பதில்: சிடியின் மேல் பழி போடாதீர்கள். விண்டோஸில் அதைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால், பாட்டுக் கோப்பைப் போல அதையும் வெறுமனே காப்பி செய்திருக்கிறீர்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்.

ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் நகல். செக்டர் மாறாமல் அப்படியே பதிய வேண்டும். 1995-ல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் வகுத்த ‘எல் டோரிட்டோ’ முறைப்படி, பயாஸ் சிடியின் 17-ம் செக்டரைப் படித்துத்தான் பூட் நிரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. நீங்கள் எழுதிய சிடியில் அந்தத் தகவல் அங்கே இல்லை. வின்ராரில் பிரித்து, கோப்புகளைத் தனித்தனியாக எழுதினாலும் இதே கதிதான்.

விண்டோஸ் 7 முதல் தனி மென்பொருள் தேவையில்லை. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ கொடுங்கள். ‘வெரிஃபை’ கட்டத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள்; பழைய டிரைவ்களில் அரைகுறையாகப் பதிவது சகஜம். எக்ஸ்பி என்றால் இலவசமாகக் கிடைக்கும் இம்ஜ்பர்ன் போதும். கோப்பு 700 எம்பி-யைத் தாண்டினால் டிவிடி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிடியில் பல கோப்புகள் தெரிந்தும் பூட் ஆகவில்லையா? பயாஸில் பூட் வரிசையில் சிடி டிரைவை ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் வைத்துப் பாருங்கள்.