காற்றோட்டம்

காற்று, ஓட்டம். இந்த இரண்டு சொற்களும் சேர்ந்தால் காற்றோட்டம்.

மூடிய பெட்டிக்குள்ளும் காற்று இருக்கிறது. ஆனால் அங்கே காற்றோட்டம் இல்லை. காற்று ஓடுவதற்கு இரண்டு வழிகள் வேண்டும். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. ஒரு சன்னலை மட்டும் திறந்தால் காற்று அதிகம் ஓடாது. எதிர்ச் சுவர்ச் சன்னலையும் திறந்து பாருங்கள். காலண்டர் தாள் படபடக்கும்.

இந்தச் சொல்லின் அருமை மாரிகுப்பத்தாருக்கு நன்றாகத் தெரியும். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். கை வைத்தால் சுடும். அங்கேதான் மனிதர்கள் வேலை செய்தார்கள்.

அவர்கள் எப்படி மூச்சு விட்டார்கள்? சுரங்கத்துக்கும் வீட்டுக்கும் விதி ஒன்றுதான். ஒரு வாய் வழியாக நல்ல காற்று இறங்க வேண்டும். இன்னொரு வாய் வழியாகச் சூட்டுக் காற்றும் வெடிப்புகையும் ஏற வேண்டும். பெரிய விசிறிகள் காற்றை ஓட்டும். நடுவில் கதவுகள் இருக்கும். ஒருவர் கதவைச் சாத்த மறந்தால் போதும். காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும். கடைசியில் பாறை உடைப்பவருக்குக் காற்று போய்ச் சேராது.

ஆனாலும் தூசி முழுவதும் போகவில்லை. பாறைத் தூசி பலருடைய நுரையீரலில் தங்கிவிட்டது. இருமல், மூச்சிரைப்பு. அந்த நோயின் பெயர் சிலிகோசிஸ். அதை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இப்போது பலர் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த ஊரில் வேறொரு சுரங்கம் இருக்கிறது. அதன் பெயர் காற்றுச் சுரங்கம். தேசிய விண்வெளி ஆய்வகத்தில் 1967 முதல் அது இயங்குகிறது.

அங்கே யாரும் மண் தோண்டுவதில்லை. அது ஒரு பெரிய குழாய் போன்றது. அதற்குள் சிறிய மாதிரி விமானத்தை நிறுத்துவார்கள். அதன்மேல் காற்றை வேகமாக ஓடவிடுவார்கள். நிற்கும் காற்றில் விமானம் பறந்தாலும், நிற்கும் விமானத்தின்மேல் காற்று ஓடினாலும் விளைவு ஒன்றே. இறக்கையைச் சுற்றிய காற்றோட்டம்தான் விமானத்தை மேலே தூக்குகிறது. அதை அங்கே அளந்து பார்க்கிறார்கள்.

படித்துப் பாருங்கள்:
காற்றோட்டமான வீடு. காற்றோட்டம் இல்லாத அடுப்படி. நீரோட்டம். இரத்த ஓட்டம்.

எழுதுங்கள்:
உங்கள் அடுப்படிப் புகை எந்த வழியாக வெளியே போகிறது? நல்ல காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது?