முகத்தில் செங்கோடிட்ட மல்லன்

கேள்வி: ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் திரைப்படத்தில் ஹோண்டா என்றொரு சூமோ மல்லன் வருகிறான். இந்தப் பாத்திரத்தின் முகத்தில் சிவப்புச் சாயக் கோடுகள் தீட்டியிருக்கிறார்கள். உண்மையான சூமோ வீரர் எவரும் இப்படிச் சாயம் பூசிக்கொள்வதாகத் தெரியவில்லையே. இது எங்கிருந்து வந்தது?

பதில்: தாங்கள் கவனித்தது முற்றிலும் சரி. சூமோ மேடையில் ஏறும் மல்லருக்கு இடுப்பில் இறுகச் சுற்றிய கச்சையும் எண்ணெய் தடவி வாரி முடிந்த குடுமியுமே அலங்காரம். முகத்தில் ஒரு பொட்டுச் சாயமும் கிடையாது. ஹோண்டாவின் முகத்துக்குச் சிவப்பு வந்தது மல்லர் மேடையிலிருந்து அல்ல, நாடக மேடையிலிருந்து.

கிஸாபுரோ சுகீ இயக்கிய அந்தப் படம் வெளிவந்தது 1994-ல். ஆனால் ஹோண்டா பிறந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, காப்காம் நிறுவனத்தார் வெளியிட்ட வீடியோ விளையாட்டில். அந்த விளையாட்டில் அவன் போரிடும் இடம் ஒரு பொதுக் குளியல் கூடம். சுவரில் ஃபூஜி மலையின் சித்திரம். இடுப்பிலே, குளித்தெழுந்தபின் உடுத்தும் பருத்தி அங்கியைத் தோளிலிருந்து நழுவவிட்டுச் சுருட்டிக் கட்டியிருக்கிறான். இன்று டோக்கியோ எனப்படும் பழைய எடோ நகரத்து ஜனங்கள் நேசித்த காட்சிகளையெல்லாம் ஒரே மனிதன்மேல் ஏற்றிவைக்கச் சித்திரக்காரர்கள் ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். அந்த நகரத்துக்கு மல்லரைப் போலவே பிராணனாக இருந்தது கபுகி நாடகம்; முகத்தில் கோடு தீட்டும் சம்பிரதாயம் அதற்கே உரியது.

இச்சம்பிரதாயத்தின் ஆதியைத் தேடிப் போனால் 1673-ஆம் ஆண்டுக்கு வந்து நிற்கிறோம். இச்சிகாவா தான்ஜூரோ என்ற பெரும் நடிகர் வம்சத்தின் மூல புருஷர், ஜப்பானியர் வயதெண்ணும் முறைப்படி 14 வயதுச் சிறுவராக, எடோவில் நாகாமுரா நாடக சாலையில், ஸகாத்தா கின்தோக்கி என்ற வீரனின் வேஷத்தில், முகத்தைச் சிவப்பாலும் கறுப்பாலும் தீட்டிக்கொண்டு மேடையேறி, அதுவரை எவரும் கண்டிராத ஆவேசத்தோடு நடித்தார் என்று நாடக மரபு கூறுகிறது. அவருக்குப் பின் வந்த இரண்டாம் தான்ஜூரோ இதை மேலும் பண்படுத்தினார். முதலில் முகமெங்கும் வெள்ளை மாவுச் சாயத்தைப் பூசி உலரவிட்டு, புருவத்தின் அடியிலும் கன்ன எலும்பின் விளிம்பிலும் தாடையின் ஓரத்திலும், கோபத்தால் தசை எங்கெங்கே முறுக்கிக்கொள்ளுமோ, நரம்பு எங்கெங்கே புடைக்குமோ, அங்கெல்லாம் தூரிகையால் சிவப்புக் கோட்டை இழுத்து, சாயம் காய்வதற்குள் அதன் ஒரு பக்கத்தை மட்டும் விரல் நுனியால் தேய்த்துக் கரைத்துவிடுவார்கள். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கியும் நிற்கும் அந்தக் கோடு, தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சித்திரமாகத் தோன்றாமல், தோலுக்கடியில் ரத்தம் கொதித்தெழுவதாகவே தோன்றும். சிவப்பு, தர்மாவேசம் கொண்ட வீரனுக்கு. நீலம், துஷ்டர்களுக்கும் ஆவிகளுக்கும். ஆட்டம் முடிந்ததும் நடிகர் ஒரு பட்டுத்துணியை முகத்தில் ஒற்றியெடுப்பார். அன்றைய வேஷம் அப்படியே அத்துணியில் பதிந்துவிடும். ரசிகர்கள் அதைப் பொக்கிஷமாகப் பாதுகாப்பார்கள்.

இனித்தான் விஷயத்தின் உயிர்நிலை வருகிறது. முதன்முதல் சிவப்புத் தீட்டிக்கொண்டு வந்த அந்தக் கின்தோக்கி யார்? மினமோட்டோ யோரிமிட்ஸு என்ற பிரபுவின் வீரர் நால்வரில் ஒருவன். சிறு வயதில் கின்தாரோ என்ற பெயரோடு அஷிகாரா மலைக்காட்டில் வளர்ந்து, கரடியைக் கட்டிப் பிடித்து மல்யுத்தத்தில் வீழ்த்தியவன் என்று ஜப்பானியக் குழந்தைகள் அனைவரும் கேட்டறிந்த கதாநாயகன். உத்தமாரோ போன்ற சித்திரக்காரர்கள் அவனைச் செந்நிற மேனியனாகவே வரைந்தார்கள்; மே மாதம் ஐந்தாம் தேதி, ஆண் குழந்தைகளின் பண்டிகையன்று, அவனுடைய பொம்மையை வீடுதோறும் அலங்கரித்து வைக்கிறார்கள். ஆக, கபுகி மேடையில் சிவப்புச் சாயத்தை முதலில் ஏற்றதே ஒரு மல்லப் பிள்ளையின் முகம்தான். முந்நூறு ஆண்டுகள் கழிந்து ஹோண்டாவின் கன்னத்தில் அதைத் தீட்டியவர்கள் இதை எண்ணித்தான் தீட்டினார்களோ, எண்ணாமல் தீட்டினார்களோ, சாயம் தன் பழைய வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. சூமோ அறியாதவர்கள் செய்த பிழை இது என்று சொல்வோருடன் நான் உடன்பட மாட்டேன். எடோ நகரத்தில் மல்லரும் நடிகரும் என்றுமே அண்டை வீட்டார். நடிகர் படங்களால் கீர்த்தி பெற்ற ஷுன்ஷோ மல்லர் படங்களையும் அச்சிட்டார். ஷராக்குவோ 1794-ல் தைதோஸான் என்ற பால மல்லனை வரைந்து வைத்திருக்கிறார். இரண்டு மல்லர்களின் பகையையும் பாசத்தையும் சொல்லும் நாடகமொன்று 1749-ல் பொம்மலாட்டமாகப் பிறந்து, கபுகிக்குச் சென்று, இன்றளவும் நடிக்கப்பட்டு வருகிறது.

கேள்வி: ஹோண்டா நூறு கைகள் முளைத்தவன்போல அறைந்து தள்ளுகிறானே, இது வெறும் கற்பனைதானா?

பதில்: வேகம் கற்பனை, வித்தை உண்மை. எதிரியின் மார்பிலும் கழுத்தடியிலும் விரிந்த உள்ளங்கைகளால் மாறி மாறி இடைவிடாமல் குத்தித் தள்ளுவது சூமோவில் பெரிதும் மதிக்கப்படும் முறை. கன்னத்தில் அறைவதற்கும் அனுமதி உண்டு. மூடிய முஷ்டியால் குத்துவதும், வேண்டுமென்றே குடுமியைப் பிடிப்பதும், கண்ணிலோ வயிற்றுக் குழியிலோ தாக்குவதும் விலக்கு. பயிற்சிக் கூடங்களில் தரையில் நட்ட மரத்தூண் ஒன்றைக் காணலாம். மல்லர்கள் வலது கையால் அதை அறையும்போது வலது காலையும், இடது கையால் அறையும்போது இடது காலையும் மண்ணைவிட்டு எடுக்காமல் இழைத்து முன்னே நகர்த்தி, அந்தத் தூண் பளபளக்குமளவுக்கு அறைவார்கள்.

இவ்வித்தையில் ஈடிணையற்றவராகப் போற்றப்படுபவர் ரைதென் தமேமொன். 1767 முதல் 1825 வரை வாழ்ந்த இவர், ஆறரை அடி உயரம். பெற்ற வெற்றிகள் 254, தோல்விகள் பத்தே. இவருடைய கை அறையை மனிதன் தாங்கமாட்டான் என்று அதைப் பிரயோகிக்கவே கூடாதென இவருக்கு மட்டும் தடை விதித்தார்களாம். ஐதீகந்தான் என்றாலும், அந்த மனிதரின் பராக்கிரமத்தை ஊரார் எவ்வளவு பயபக்தியோடு நினைத்தார்கள் என்பதற்கு அதுவே போதும். இத்தனை சிறப்பிருந்தும் ரைதென் யோகோஸுனா என்ற அதியுன்னத விருதைப் பெறாமல், அதற்கு அடுத்தபடியான ஓஸெக்கி நிலையிலேயே ஓய்வு பெற்றார். காரணம் இன்னும் விவாதப் பொருள். ஹோண்டாவும் ஓஸெக்கியாகவே படைக்கப்பட்டிருக்கிறான் என்பதை அறியும்போது ரைதெனை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: படத்தில் அவன் இந்திய யோகியான தால்சிமோடு மோதுகிறான். சூமோ வீரர்கள் அயல்நாட்டாரிடம் பலத்தைக் காட்டியது சரித்திரத்தில் உண்டா?

பதில்: உண்டு. சூமோவின் மேன்மையை உலகம் அறியவில்லையே என்ற ஆதங்கத்தால் புறப்பட்டவன் ஹோண்டா என்பது அவனுடைய கதை. அந்த ஆதங்கத்துக்கு வயது அதிகம். 1854-ல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி தமது கப்பல்களோடு யோகோஹாமாவுக்கு வந்தபோது, ஜப்பானிய அதிகாரிகள் மல்லர் கூட்டமொன்றை அவர் முன் நிறுத்தினார்கள். பரிசாக அளிக்க வைத்திருந்த அரிசி மூட்டைகளை அம்மல்லர்கள் சுமந்து சென்று கரையில் அடுக்கினர். ஒருவர் மூட்டையைப் பல்லால் கவ்வித் தூக்கினார், மற்றொருவர் கையில் மூட்டையை ஏந்தியபடியே குட்டிக்கரணம் போட்டார். கோயானாகி என்ற ஓஸெக்கியைப் பெர்ரியின் அருகே அழைத்து வந்து, அம்மல்லருடைய கழுத்தையும் கையையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தளபதியும் தொட்டுப் பார்த்து வியந்தார். சூமோ சங்கத்தார் முறையான போட்டித் தொடர் ஒன்றை முதன்முதலாக ஜப்பானுக்கு வெளியே நடத்தியதோ 1991 அக்டோபரில், லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், ஐந்து நாட்கள். ஹோண்டா விளையாட்டுத் திரையில் தோன்றியதும் அதே ஆண்டில்தான்.