புள்ளியில் தொடங்கும் கோப்பு

கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன் நான். கணினியைப் பற்றித் தமிழில் எழுதுவது எனக்கு இதுவே முதல் முறை. ஒரு தவறுதான் என்னை எழுத வைத்தது.

சென்ற ஆண்டு எங்கள் மாணவர் குழுவின் இணையத்தளம் என் பொறுப்பில் வந்தது. வட சிலாங்கூர்த் தோட்டத்து முதியவர்களின் நினைவுகளை மூத்த மாணவர்கள் அதில் தொகுத்திருந்தனர். காலஞ்சென்ற என் தாத்தா கூறியவையும் அவற்றுள் உண்டு. தளத்தைத் துப்புரவு செய்தபோது, புள்ளியில் தொடங்கும் பெயருடைய ஒரு கோப்பைக் கண்டேன். உள்ளே ஒரே வரி. குப்பையென எண்ணி அழித்தேன். உடனே அப்பக்கங்களிலிருந்த தமிழ் முழுவதும் பொருளற்ற குறிகளாக மாறிற்று. தாத்தாவின் பேச்சையே அழித்துவிட்டேனோ என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை.

என்ன நடந்தது?

அக்கோப்பின் பெயர் ‘.எச்டிஆக்சஸ்’. அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருள், பக்கங்களை அனுப்புமுன் இதைப் படிக்கும். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், புள்ளியில் தொடங்கும் கோப்புகள் வழக்கமான பட்டியலில் தெரியா.

அந்த ஒரு வரி, பக்கங்களை ‘யூடிஎஃப்-8’ என அறிவித்து அனுப்புமாறு இட்ட கட்டளை. இம்முறையில் ‘க’ என்பதற்கு 3 பைட்டுகள் வேண்டும். ‘கி’ என்றால் ககரத்திற்கு 3, இகரக் குறிக்கு 3, ஆக 6 பைட்டுகள். கட்டளை நீங்கியதும் எங்கள் வழங்கி, தன் இயல்பு அமைப்பின்படி, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய ‘ஐஎஸ்ஓ 8859-1’ என அறிவித்தது. அதில் ஓர் எழுத்துக்கு 1 பைட்டுதான். எனவே உலாவி ஒரு ‘கி’யை ஆறு துண்டுகளாகப் படித்தது.

எழுத்து அழியவில்லை, அதைப் படிக்கும் முறையே தொலைந்திருந்தது. மூத்த அண்ணன் ஒருவர் அவ்வரியைத் திரும்ப எழுதியதும் தாத்தாவின் பக்கம் பழையபடி வந்தது.

நாம் காணக்கூடிய வேறு கோப்புகள்

1. இண்டெக்ஸ்.பிஎச்பி: வேர்ட்பிரஸ் கோப்புறைகள் சிலவற்றில், ‘மௌனம் பொன்னானது’ எனப் பொருள்படும் ஆங்கிலக் குறிப்பு மட்டுமே இதனுள் இருக்கும். கோப்புறையில் உள்ளவற்றின் பட்டியல் வெளியார் கண்ணில் படாமல் தடுப்பதே இதன் பணி.

2. டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி: தரவுத்தளத்தின் பெயரும் கடவுச்சொல்லும் இதில் உள்ளன. அழித்தால் தளம் இயங்காது. பிறரிடம் காட்டவும் கூடாது.

3. தம்ஸ்.டிபி: படங்களின் சிறு வடிவங்களைச் சேமிக்க விண்டோஸ் உருவாக்குவது. நம் கணினியிலிருந்து தவறுதலாக ஏறியிருக்கும். தளத்திற்குத் தேவையில்லை.

ஆக, அளவைப் பார்த்து ஒரு கோப்பை எடைபோட முடியாது. அதை எந்த மென்பொருள் படிக்கிறது, யார் எப்போது வைத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். விடை தெரியாவிட்டால் ஒரு படியெடுத்து வைத்துக்கொண்டு, கோப்பின் பெயரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். கோளாறு வந்தால் பழைய பெயரையே இட்டுவிடலாம்.

தாத்தா பால்மரம் சீவியவர். பட்டை எவ்வளவு செலவாயிற்று என்று காட்ட மரத்தில் குறியிடுவார்களாம். “அது கணக்குடா, தெரியாம சொரண்டிடாதே” என்பார்.

‘#’ குறியில் தொடங்கும் வரியை அப்பாச்சி கட்டளையாகக் கொள்ளாது. ஆகவே, அந்த ஒற்றை வரி என்ன செய்கிறது என்பதை அதன் மேலேயே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்துப் பொறுப்பேற்கும் தம்பி தங்கைகள் அதைப் படித்துவிட்டுத் துப்புரவைத் தொடங்கட்டும்.